பல்லில் நூலும் தளபதியின் எலெக்சனும்

சீனி, தேசிக்காய்ப்புளி, தண்ணீர் மூன்றையும் சட்டியில் விட்டு இடக்கையால் கிண்டிக்கொண்டு, வலக்கையால் மகளின் கீறல் கொப்பியில் இதை எழுதுகிறேன். ஹலாவா என்று இங்கே சொல்வார்கள், கைகால் முடி எடுக்கிற பாகு. பொன்நிறம் வரும்வரை கையெடுக்கக் கூடாது.

புருவம் எடுக்கிற தொழிலில் என்னைப்போல வெட்கப்பட்டவளுக்கு ஒரு வசதி உண்டு. நூலின் ஒரு நுனி எப்போதும் பல்லுக்குள் இருப்பதால் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. வீட்டு அறையில் ஒரு கதிரை போட்டு இதே வேலை பார்க்கிற உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாய்ந்து கண்ணை மூடினவுடன் ஆக்களுக்கு வாய் திறந்துவிடும். புருசன், மேடம், மாமியார் எல்லாரும் பேச்சில் வந்து போவார்கள். இந்த மார்கழி முழுக்க, குவைத்தில் அப்பாசியாப் பக்கம் இருக்கிற எங்கள் அறைக்கு வந்தது ஒரே ஆள்தான். இலங்கையின் ஆமித் தளபதி.

சண்டையை நடத்தி முடித்த அந்தத் தளபதி சீருடையைக் கழற்றிவிட்டு ஜனாதிபதி எலெக்சனுக்கு நிற்கிறார். எதிரே நிற்பவர், அந்தச் சண்டையை நடத்தச் சொன்ன ஜனாதிபதி. தை மாதம் வோட்டு, பிடித்தவரின் பெயருக்கு நேரே ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போடவேண்டும். என்னுடைய தம்பிக்குப் பத்தொன்பது வயது. சண்டை முடிந்த கிழமை, பெயர் பதிந்துவிட்டு அனுப்புவோம் என்று ஆமிக்காரர் அம்மாவின் கையிலிருந்து அவனைப் பிரித்து பஸ்ஸில் ஏற்றினார்கள். ஏழு மாதம் ஆகிறது. எந்த முகாம் என்றுகூடத் தெரியாது. அம்மா இப்போது வவுனியாவில் சித்தியின் வீட்டில். வெள்ளிக்கிழமைகளில்தான் போன் எடுக்கலாம். போன மாதம் எடுத்தபோது கேட்டா, "ரெண்டு பேரில ஆரு வந்தா தம்பியை விடுவினம்? நீ நாலு பேரோட பழகிறனீ, விசாரிச்சுச் சொல்லு பிள்ளை." வெளிநாட்டில் இருக்கிறவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அம்மாவின் எண்ணம். எனக்குத் தெரிந்தது கதிரையில் வந்து இருக்கிற முகங்கள் மட்டும்தான்.

கை நொந்தவர்

யோகமக்கா யாழ்ப்பாணம், எங்கள் பில்டிங்கில் மூன்றாம் மாடி. பேப்பர் வாசிக்கிறவ. நோகுது என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லமாட்டா, கதிரையின் கையை இறுக்கிப் பிடிப்பா. அன்றைக்கு நான் கேட்காமலே தொடங்கினா. "எங்கட சனம் தளபதிக்குத்தான் போடும், போடத்தான் வேணும், வேற வழியில்லை" என்றா.

நான் நூலை வாயிலிருந்து எடுத்தேன். "அக்கா, அவர்தானே..." என்று தொடங்கினேன். யோகமக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தா.

"எனக்குத் தெரியாதே? அடிச்சவன் ஒருத்தன், அடிக்கச் சொன்னவன் ஒருத்தன். அடிச்சவனுக்குக் கையாவது நொந்திருக்கும், அதுக்கு ஒரு புள்ளடி."

ஸ்டூல் போட்டு இருக்கிறவர்

செல்வியக்கா தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் பிளாட்டின் மற்ற அறை அவர்களுடையது, குசினி பொது. சண்டையின் கடைசி நாட்களில் டிவிக்கு முன்னால் என்னைவிடக் கூட அழுதவ. இரண்டு நாள் அவர்கள் உலை வைக்கவில்லை. அதனால் அவ என்ன பகிடி விட்டாலும் எனக்குக் கோபம் வராது.

மேலுதட்டில் நூல் ஓடும்போது யாராலும் பேச முடியாது. கண்ணீர் வழிய வழிய அடக்கி வைத்திருந்து, முடிந்ததும் பிடித்துக்கொண்டா. "ஏன்டி, நெசமாவா? அந்த ஆளேவா நிக்கிறாரு? அவருக்கா உங்காளுங்க ஓட்டுப் போடப் போறாங்க?" தலையாட்டினேன். கண்ணாடியை வாங்கி உதட்டைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. சிரிக்கத்தான் தொடங்கினா, பாதியில் நின்றுவிட்டது.

"எங்க ஊருல ரிட்டயர்டு மிலிட்டரின்னா ஏடிஎம் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காருவாரு. உங்க ஊருல நாட்டு வாசல்லயே உக்காரப் பாக்குறாரு, உள்ள மாட்டுனவன் எப்படிடி வெளிய வருவான்?"

குசுமின் இடது புருவம்

குசும் சிங்களப் பிள்ளை, குருநாகல். ஒரு குவைத்தி வீட்டில் வேலை. இரண்டு கிழமைக்கு ஒரு வெள்ளி அரைநாள் லீவு கிடைத்தால் ஓடி வருவாள். இங்கே வேலை செய்த தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழ் படித்தாள். தெரியாத இடத்தில் அரபியைப் போட்டு நிரப்புவாள். என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவாள், சிங்களத்தில் தங்கச்சி.

அவளுடைய தம்பி ஆமியில் இருந்தவன். மிதிவெடியில் ஒரு கால் போய்விட்டது. "அவன் யாருக்கு வோட்டு?" என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "தம்பி சொல்றான், தளபதி ஆஸ்பத்திரிக்கு வந்து அவன் பேர் கேட்டாராம். பேர் கேட்ட ஆள் அவர் மட்டும்தானாம். அதுக்காகப் போடுவானாம்." பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "நங்கி, உனக்கும் தம்பி இருக்கா?"

நூல் பல்லுக்குள் இருக்கும்போது தலையாட்டக் கூடாது. தொழிலில் முதல் பாடம் அதுதான். நான் ஆட்டினேன். நூல் இழுபட்டு, குசுமின் இடது புருவத்தின் வால் முழுக்க அதோடு வந்துவிட்டது. இதற்கு முன் ஒருவருக்கும் இப்படி நடந்ததில்லை. பென்சிலால் கீறிவிடுகிறேன் என்று ஓடினேன். குசும் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தாள். நான் ஏன் அழுகிறேன் என்று கேட்கவில்லை. அவளுக்கு விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பென்சிலைத் தள்ளிவிட்டு ஸ்காபைக் கட்டிக்கொண்டாள்.

"மாஃபி முஷ்கில், பரவாயில்லை நங்கி. வீட்டு ஐயா இரவில கதவு தட்டுறவர், முகம் அசிங்கமா இருந்தா எனக்கு நல்லம்."

மேடத்தின் தம்பி

செவ்வாய்க்கிழமைகளில் ஒரு குவைத்தி மேடத்தின் டிரைவர் வந்து என்னைக் கூட்டிப் போவார். ஹலாவாவுக்கு வாயில் நூல் இல்லை, அதனால் அங்கே போக எனக்குக் கொஞ்சம் பயம். மேடம் அறுபதுக்கு மேல். கையை நீட்டிக்கொண்டு டிவி பார்ப்பா. அன்றைக்கு செய்தியில் இலங்கை எலெக்சன் ஒரு நிமிசம் போனது. மாலை போட்ட தளபதியைக் காட்டினார்கள். "உன் நாடா? இவர் நல்லவரா?" என்று மேடம் கேட்டா. எனக்குத் தெரிந்த குசினி அரபியில், "என் தம்பி அவர்களிடம் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ தெரியாது. பாகை இழுக்கவேண்டிய நேரம் தப்பி, அது மேடத்தின் கையிலேயே இறுகிவிட்டது.

மேடம் கையை இழுக்கவில்லை. பத்தொன்பது வருசத்துக்கு முன் பக்கத்து நாட்டு ஆமி குவைத்தைப் பிடித்திருந்த அந்த ஏழு மாதத்தில் மேடத்தின் தம்பியையும் வாசலில் வைத்துக் கொண்டு போனார்களாம். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லித்தானாம். பிறகு இங்கே எத்தனை பெரிய மனிதர்கள் வந்து, தேடித் தருவோம் என்று இந்தச் சோபாவில் இருந்து கோப்பி குடித்தார்களாம். எல்லாரையும் மேடம் நம்பினாவாம். பதினாலு வருசம். நான் வெந்நீர்த் துணியால் பாகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு விளங்கவேண்டும் என்று சின்னச் சின்ன அரபியில் மெதுவாகச் சொன்னா.

"பாலைவனத்தில் தோண்டினார்கள், எலும்பு வந்தது, கலாஸ், முடிந்தது. தேடித் தருவோம் என்று சொன்னவர்களில் ஒருவர்கூட செத்த வீட்டுக்கு வரவில்லை."

இரண்டு புள்ளடி

இன்றைக்கு வெள்ளி. காலையில் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டா, போனுக்குப் பக்கத்தில்தான் இருந்திருப்பா. "என்ன பிள்ளை, விசாரிச்சனியே?" என்று கேட்டா. யோகமக்காவின் பேச்சைச் சொன்னேன். செல்வியக்காவின் பேச்சில் பாதியைச் சொன்னேன். குசுமின் தம்பியைச் சொன்னேன். மேடத்தின் தம்பியைச் சொல்லவில்லை.

"அப்ப ஆருக்கும் தெரியாது" என்றா அம்மா. "போகாமல் இருங்கோவன் அம்மா" என்றேன். அது முடியாதாம். யார் வோட்டுப் போடவில்லை என்று லிஸ்டில் தெரியுமாம், அது பிறகு தம்பியின் பெயருக்கு வந்து நிற்குமாம். தளபதிக்குப் போட்டால் இப்போது இருக்கிறவருக்குக் கோபம் வரும், இருக்கிறவருக்குப் போட்டு தளபதி வென்றால் அவருக்குக் கோபம் வரும். பெட்டிக்குள் மடித்துப் போடுகிறது யாருக்கும் தெரியாது அம்மா என்று எத்தனை தரம் சொன்னாலும் நம்பமாட்டா. இந்த ஏழு மாதத்தில் அம்மா மறைத்து வைத்த எதுதான் அவர்களுக்குத் தெரியாமல் போனது, எப்படி நம்புவா?

அம்மா கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பேருக்கும் புள்ளடி போட்டுவிடட்டே?" என்று கேட்டா. அப்படிப் போட்டால் செல்லாது அம்மா, எண்ணமாட்டார்கள், தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லியிருப்பேன்போல, மகள் எழும்பிவிட்டாள். அம்மா அவசரப்படவில்லை. இதை எத்தனை இரவு யோசித்து வைத்திருந்தாவோ.

"செல்லாட்டி என்ன பிள்ளை. ஆரு வந்தாலும் முன்னுக்குப் போய் நிண்டு, ஐயா, உங்களுக்குத்தான் போட்டனான், என்ர பிள்ளையை விடுங்கோ எண்டு பொய் சொல்லாமல் கேக்கலாம்."

ஆகமொத்தம் ஒரு மாதமாய் நூலைக் கடித்துக்கொண்டு நான் விசாரித்ததில் தேறினது, பெரிய வேட்பாளர் இரண்டு, அம்மாவின் புள்ளடி இரண்டு, தம்பி ஒன்று, அவனை இன்ன இடத்தில் உயிரோடு கண்டேன் என்று சொல்லுகிற ஆள் மட்டும்... இந்தா வாறன் அக்கா, கதவைத் தட்டாதேங்கோ, பிள்ளை இப்பத்தான் திரும்பவும் படுத்தவள்.