காசிம் பாய் கம்ப்யூட்டருக்கு வைத்த கடிகாரம்

சென்ற வியாழக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு என் கைபேசி ஒலித்தது. பேசியவர் செல்வி. உத்திரமேரூர் பஜார் தெருவில், காசிம் பாயின் டிவி ரிப்பேர் கடைக்கு எதிரில் இட்லிக் கடை வைத்திருப்பவர்.

"சார், பாய் எழுந்துக்கல சார். மெஹர்க்கா கூப்ட்டுக்கினே கீறாங்க. நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். சில்லுன்னு கீறாரு."

டாக்டரை அழைத்தீர்களா என்று கேட்டேன்.

"அதெல்லாம் தாண்டிட்டாரு சார். நீங்க வாங்க. எட்டு மணி மாத்திரைய நான் குடுத்துடறேன்."

மரணச் செய்தியோடு மாத்திரை நேரத்தையும் அவர் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. காசிம் பாய் அவர்களின் கடைசி இரண்டு ஆண்டுகள் முழுவதும் மனைவியின் அந்த மாத்திரை நேரத்துக்குள்தான் இருந்தன.

நான் இந்த வட்டாரத்தின் செய்தியாளனாக வேலைக்கு வந்த புதிதில், பழுதான டேப் ரிக்கார்டரோடு அவர் கடைக்குப் போனேன். அதைப் பிரித்துக்கொண்டே, "பேட்டி எடுத்தது எத்தன மணிக்குன்னு எழுதி வெச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ இது வெறும் சத்தந்தான்" என்றார். அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் ஒவ்வொரு பேச்சுக்கும் நேரம் இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரை மூடியபோது, பழைய சாமான்களோடு ஒரு கம்ப்யூட்டர் அவரிடம் வந்து சேர்ந்தது. கீபோர்டுக்குள்ளேயே முழு இயந்திரமும் அடங்கிய பழைய மாடல். திரைக்கு டிவியைத்தான் இணைக்க வேண்டும். கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து, அதற்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். கடைக்கு வருகிறவர்கள் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

அந்த இயந்திரத்துக்கு ஒரு குறை. அதற்குள் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் எல்லாம் சுழியத்திலிருந்து தொடங்கும். பாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தட்டச்சு செய்வார். அவருடைய மனைவி மெஹருன்னிசா அம்மாள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கேலி செய்வதை நானே கேட்டிருக்கிறேன்.

"நேரத்த அதுக்கு நீங்க சொல்லிக் குடுத்துட்டு, அப்புறம் அதுகிட்டயே மணி இன்னான்னு கேக்கறீங்களே, இன்னா மனுசன் நீங்க?"

"உன்கிட்ட கேட்டா ஒரு மணி நேரம் பேசுவே. அது ஒரு வரில சொல்லிடும்."

பிள்ளைகள் இல்லாத வீடு. கடையும் அதன் பின்னால் ஒரே அறையும். இருவரும் இப்படிப் பேசித்தான் அதை நிரப்பினார்கள்.

அம்மாளுக்கு நடுக்குவாதம் வந்தது. டாக்டர்கள் பார்க்கின்சன் என்பார்கள். முதலில் கை, பிறகு கால். பிறகு முகமும் இறுகிவிட்டது. காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு, இரவு எட்டு என்று நான்கு வேளை மாத்திரை. ஒரு வேளை தவறினால் உடம்பு அப்படியே நின்றுவிடும். கைபேசியில் அலாரம் வைக்கலாமே என்று நானும் சொன்னேன்.

"வெச்சிப் பார்த்துட்டேன் சார். அவ வெரல் நடுங்கறதால டச் ஸ்கிரீன் எடுக்கல. சாப்பிட்டாளா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பழைய கீபோர்டுல ஸ்பேஸ் பட்டை நாலு விரல் நீளம். கையால குத்தினாக் கூடப் பதியும்."

கம்ப்யூட்டரை அம்மாளின் கட்டிலருகே வைத்தார். மாத்திரை நேரத்தில் அது 'பீப்' என்று கத்தும். டிவியில் பெரிய எழுத்தில் நேரம் வரும். மாத்திரையை விழுங்கிவிட்டு அம்மாள் பட்டையை அமுக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் அமுக்காவிட்டால், கடையில் பாயின் மேசைக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு எரியும். ஆனால் வீட்டில் அவர் இல்லாதபோது கரண்ட் போய் வந்தால், இந்த ஏற்பாடு எல்லாம் பாழ். நேரம் சொல்ல ஆள் இல்லாமல் அது சும்மா கிடக்கும். அதனால் ஒரு கடிகாரச் சில்லை வாங்கிப் பொருத்தினார். ஒரு ரூபாய் நாணய அளவு பேட்டரியில் அது தனியாக ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் அதனிடம் நேரத்தைக் கேட்டுக்கொள்ளும். அதைப் பொருத்திய நாளில் வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கி, திரும்பச் செருகி, என்னை நேரம் பார்க்கச் சொன்னார். ஒரு நொடிகூடப் பிசகவில்லை.

அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று செங்கல்பட்டில் டாக்டர் சொன்ன நாள்தான் அவர் வாழ்க்கையின் மிக மோசமான நாள். டாக்டர் சொன்னதற்காக அல்ல. மாலை ஐந்து மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனபோது, அம்மாள் குளியலறை வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஒரு மணியிலிருந்து நின்றிருக்கிறார். கூப்பிடக் குரலும் எழவில்லை. காலையில் பத்துக்குக் கரண்ட் போய் பதினொன்றுக்கு வந்திருக்கிறது. டிவித் திரையில் இரண்டாயிரமாம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, விடியற்காலை ஆறு மணி என்று இருந்தது. கடிகாரம் நின்றுபோய்ப் பிறந்த நாளுக்குத் திரும்பி, பதினொன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கியிருக்கிறது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை பன்னிரண்டு மணி மாத்திரைக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.

மறுநாள் நான் போனபோது அவர் கையில் அந்த பேட்டரி இருந்தது. அடிப்பக்கம் உப்பியிருந்தது.

"மாசா மாசம் மீட்டர் வெச்சிப் பார்த்தேன் சார். மூணு வோல்ட்டுக்கு மேலயே காட்டிச்சு. கழட்டிப் பார்த்தா மணி போயிடுமேன்னு, கரண்ட் இருக்கும்போதே வெச்சிப் பார்த்தேன். அந்தச் சில்லுப் பலகையே பேட்டரிக்கு சார்ஜ் ஏத்திக்கினு இருந்திருக்கு. இது சார்ஜ் ஏத்தற ஜாதி இல்ல. மீட்டர் காட்டினது பலகையோட வோல்ட்டு. பேட்டரி எப்பவோ செத்துப்போச்சு. நான் பொணத்துக்கு நாடி பார்த்துக்கினு இருந்திருக்கேன்."

நாற்பது ஆண்டு டிவி மெக்கானிக்காக இருந்தவர். அணைக்கப் பயந்ததால் செய்த தவறு அது. அதன் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

சார்ஜ் ஏற்றும் பாதையை வெட்டிவிட்டுப் புது பேட்டரி போட்டார். கடிகாரம் ஒருமுறை நின்றிருந்தால்கூட அதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, விடாமல் கத்தும்படி நிரலை மாற்றினார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும் சார். தெரிஞ்ச மாதிரி உக்காந்துக்கினு இருக்கக் கூடாது" என்றார். அதை அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாரா, தம்மையே சொல்லிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு நாள், மூச்சு வாங்க நின்றுகொண்டு சொன்னார்: "எனக்கு மௌத்து பயமில்ல சார், சாவு வந்தா வரட்டும். அதுக்கப்புறம் வர்ற மாத்திர நேரந்தான் பயம்."

போன மாதம் சிவப்பு பல்பைக் கடைக்கு வெளியே மாற்றினார். செல்வியை அழைத்துக் காட்டினார்.

"பாய், நான் மாவு ஆட்டிக்கினு இருப்பேன். இது எரிஞ்சா இன்னா பண்ணணும்?"

"ஓடியா. அவ்ளோதான்."

"நீங்க எங்க போறீங்க?"

அவர் பல்பை ஒருமுறை எரியவிட்டுக் காட்டினார்.

வியாழக்கிழமை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் கத்தியது. செல்வி மாத்திரை கொடுத்தார். பத்து மணிக்கு மேல் உறவினர்கள் வரத் தொடங்கினார்கள். பகல் தொழுகை முடிந்து, ஒன்றே முக்காலுக்கு அடக்கம் ஆயிற்று. கபரஸ்தானிலிருந்து நான் கடைக்குத் திரும்பியபோது இரண்டு இருபது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பெண்களின் குரல்கள் கேட்டன. "அழுதுடும்மா. நெஞ்சுல வெச்சிக்காத. ஒரு சொட்டு அழுதுடு." யாரோ தாழ்ந்த குரலில், "கல்லு மாதிரி ஆயிட்டாளே" என்றார்கள்.

அம்மாளின் அண்ணன் கடைவாசலில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு உள்ளே சத்தம் கேட்டதா என்று அவரிடம் கேட்டேன்.

"இன்னா சத்தம்? டிவி ஓடிக்கினு இருந்துச்சு. மௌத்து வூட்ல டிவி ஓடலாமா? நான்தான் பிளக்கைப் புடுங்கினேன்."

அவர்மேல் தவறில்லை. எந்த வீட்டிலும் அதைத்தான் செய்வார்கள். செல்வி வந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டு எதிரே தன் கடையில் இருந்திருக்கிறார். பல்பு எரியாததால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்திருக்கிறார். என் கையிலும் கடிகாரம் இருந்தது. பன்னிரண்டு மணிக்குக் குழி வெட்டுகிற இடத்தில் நின்றிருந்த நான் அதைப் பார்க்கவில்லை.

பிளக் கடைப் பக்கத்துச் சுவரில் இருந்தது. செருகினேன். சில நொடிகளில் உள்ளே 'பீப்' என்று கேட்டது. தவறிய வேளையைக் கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் திடுக்கிட்டுக் கத்தினார்கள். செல்வி ஓடிவந்து, மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, ஸ்பூனால் ஊட்டியிருக்கிறார். திரையில் என்ன நேரம் என்று வெளியிலிருந்து கேட்டேன். "ரெண்டு இருபத்தாறு சார்" என்றார். என் கைக்கடிகாரமும் அதைத்தான் காட்டியது.

கணவனை இழந்த பெண் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்கும் இத்தா, மெஹருன்னிசா அம்மாளுக்கு நான்கு மாதம் பத்து நாள். அதுவரை அவர் அந்த அறையில்தான் இருப்பார். பாய் எழுதிய நிரலைப் படிக்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் நின்றால் திறக்கவும் தெரியாது. நானும் செல்வியும் மாறி மாறிப் போய் நேரத்தைச் சரிபார்க்கிறோம். அதற்கு மேல் எங்களிடம் வழி எதுவும் இல்லை.

காசிம் பாய், அன்று நான் கடைவாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு முனகல் வந்தது. பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஓர் அழுகை. உங்களுக்காக அழும் அளவுக்கு அம்மாளின் முகம் இளகியபோது, நீங்கள் மண்ணுக்குள் போய் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. குறித்து வைத்திருக்கிறேன். நீங்கள் போகலாம், பாய்.