என் துவக்குக்கு அத்தான் போட்ட பாட்டு

ஊரில் ஆயுதம் தூக்கிய எந்த இயக்கத்திலும் நான் இருந்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். மூன்று வயதில் அம்மாவின் இடுப்பில் இருந்தபடி ஜெர்மனிக்கு வந்தவள் நான். துவக்குச் சுடப் பழகியது முப்பது வயதுக்குப் பிறகு, டுசல்டோர்ஃபுக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சுடும் கழகத்தில். அங்கே புதிதாக வருகிற வெள்ளைக்காரர், "உங்கள் ஊரிலேயே பழகிவிட்டீர்களா?" என்று சிரித்துக்கொண்டு கேட்பார். தமிழர் மண்டபங்களில் கேட்பவர் சிரிக்கமாட்டார். குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, முந்தி அங்க இருந்தனீங்களோ?" என்பார். இரண்டு கேள்விக்கும் எனக்கு ஒரே மாதிரித்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஒரு தொழிற்சாலையில் உலோகம் கடைகிற வேலை செய்கிறேன். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் அந்தத் துண்டு குப்பைக்குப் போகும். நூறு மீற்றருக்கு அப்பால் இருக்கும் காகிதத்தில் ஐந்து ஓட்டைகளைக் கிட்டக்கிட்ட விழுத்துவது எனக்கு அதே வேலையின் மிச்சம். இதில் வீரமும் இல்லை, விடுதலையும் இல்லை.

எனக்கென்று ஒரு துவக்கை வாங்குவதற்கு முன் ஒரு வருடத்துக்கு மேல் மழையிலும் பனியிலும் கழகத்துக்குப் போனேன். பரீட்சை எழுதினேன். பொலிஸ் என்னைப் பற்றி விசாரித்தது. ஓர் இரும்புப் பெட்டகத்தைச் சுவரோடு சேர்த்துப் பூட்டினேன். எல்லாம் முடிந்து ஒரு பச்சை அட்டை தந்தார்கள். ஆயுதம் வைத்திருக்கும் அளவுக்கு இவள் நம்பத்தக்கவள் என்பதற்கான அனுமதி. இருபது வயது வரைக்கும் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலும் சந்தேகமாகப் பார்க்கப்பட்ட ஒருத்திக்கு அது என்ன பெறுமதி என்று மற்றவர்களுக்கு விளங்காது. அதை நான் யாருக்கும் காட்டவில்லை. அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

துவக்கு, கடையில் இருந்து வந்தபடி எனக்குப் பொருந்தவில்லை. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும். அடுத்ததைத் தானாக ஏற்றிக்கொள்ளும். அதில் குறை இல்லை. ஆனால் குழலைச் சுற்றியிருந்த பிளாஸ்ரிக் கைக்காப்பு என் சின்னக் கைக்கு மிகவும் மொத்தம். சூடேறினால் பிடிக்க ஏலாது. அதைவிட மோசம், அது குழலில் முட்டிக்கொண்டிருந்தது. மணல் மூட்டையில் சாய்த்துச் சுட்டால் குழலும் சேர்ந்து அழுந்தும், குண்டு தன் பாட்டுக்குப் போகும். எனக்கோ வலது கைப் பழக்கம், பார்வை மட்டும் இடது கண்ணில். கூடவே வந்த இரும்புக் குறிகாட்டியில் இலக்கைப் பிடிப்பதற்குக் கழுத்தை முறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆறு மாதம் எடுத்து ஒவ்வொன்றாக மாற்றினேன். குழலில் எங்குமே தொடாத மெல்லிய அலுமினியக் கைக்காப்பு ஒன்றை வரவழைத்தேன். அதன் ஓரங்கள் கையைக் கீறின. வேலையிடத்தில் இடைவேளைகளில் நுண்ணரத்தால் ஒவ்வொரு ஓரமாக மழுக்கினேன். பழைய குறிகாட்டிகளைக் கழற்றிவிட்டு மடித்து வைக்கக்கூடியவற்றைப் பூட்டினேன். அவற்றுக்கு நடுவில், சிவப்புப் புள்ளி காட்டும் ஒரு சிறிய கண்ணாடி. இரண்டு கண்களையும் திறந்துகொண்டே சுடலாம், எந்தக் கண் பெரிது என்ற சண்டை இல்லை. கைக்காப்பில் டோர்ச் பூட்டவும் இடம் இருந்தது. இலக்கில் வெளிச்சம் அடிக்கும் எதையும் துவக்கில் பூட்டக்கூடாது என்பது இங்கே சட்டம். விளையாட்டுக்கும் நான் அதைச் செய்து பார்த்ததில்லை. அவ்வளவு பயந்து பயந்து அந்த அட்டையைக் காப்பாற்றினேன்.

புதுக் கைக்காப்பைப் பூட்டிய நாள் கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கொலோனில் இருந்து அக்காவும் அத்தானும் வந்தார்கள். சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து, துவக்கை மரக்கட்டைகளுக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தேன். தோட்டா எதுவும் வெளியில் இல்லை, எல்லாம் பெட்டகத்தில். அக்கா புட்டும் இறால் கறியும் கொண்டுவந்து, "உந்தச் சனியனை முதல்ல எடு, சாப்பிடோணும்" என்றாள். அத்தான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கைபேசியை எடுத்தார்.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொலோனில் எந்தக் கலியாணம், எந்தப் பெண்பிள்ளையின் சாமத்தியவீடு என்றாலும் வீடியோ எடுப்பவர் அவர்தான். தொழில் அல்ல, ஆசை. பாட்டுப் போடாத வீடியோ அவருக்கு உப்பில்லாத கறி. பிள்ளை கேக் வெட்டினால் ஒரு பாட்டு, கிழவர் காலமானால் ஒரு பாட்டு. மாவீரர்களை நினைக்கிற கார்த்திகை பிறந்துவிட்டால் எதற்குமே இயக்கப் பாட்டுத்தான். இத்தனைக்கும் அவர் ஊரைவிட்டு ஓடிவந்ததே இயக்கம் வீடு வீடாக ஆள் கேட்டு வந்தபோது, அதற்குப் பயந்துதான். இதை அவர் ஒரு இடத்திலும் சொல்லமாட்டார். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இதென்ன, இறுக்கிற அளவு காட்டுற சாவியோ?" என்று மேசையில் கிடந்த திருகுசாவியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஓம் அத்தான். கூட இறுக்கினா மரை போயிடும்."

"ஒருக்காத் தோளில வைச்சுக் காட்டும் பாப்பம்."

அங்கேதான் நான் பிழைவிட்டேன். ஆறு மாத வேலை முடிந்த சந்தோஷம். அதுவரை என் வீட்டில் யாருமே அந்தத் துவக்கைப் பற்றி ஒரு நல்ல கேள்வி கேட்டதில்லை. சுவரைப் பார்த்தபடி தோளில் வைத்துக் காட்டினேன். சிரித்தும் தொலைத்தேன். பிறகு பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுக் கைகழுவி, மூன்று பேரும் சாப்பிட்டோம்.

செவ்வாய்க்கிழமை கனடாவில் இருந்து ஒரு சித்தி அழைத்து, "பிள்ளை, உன்னைப் பாக்கப் புல்லரிச்சுப் போச்சு" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீடியோவை அனுப்பினார். என் சாப்பாட்டு மேசை, என் கை, நான் மழுக்கிய கைக்காப்பு, என் சிரிப்பு. அதன்மேல் இயக்கப் பாட்டு. கீழே தங்க நிற எழுத்தில், "எங்கள் வீட்டு வீராங்கனை". கடைசியில் இயக்கத்தின் கொடியும் அசைந்து மறைந்தது. இங்கே அந்தக் கொடியைத் தூக்கிக் காட்ட முடியாது என்பது கைக்குழந்தைக்கும் தெரியும்.

அத்தானுக்கு எடுத்துக் கத்தினேன். அப்படி ஒருநாளும் நான் அவரிடம் கத்தியதில்லை.

"என்ன இப்ப? பெருமையாத்தானே போட்டனான். எத்தினை பேர் லைக் போட்டிருக்கினம் தெரியுமோ?"

"அழியுங்கோ அத்தான். இப்பவே அழியுங்கோ."

அழித்தார். அழித்து என்ன பயன்? அதற்குள் அது ஊர் உலகமெல்லாம் சுற்றிவிட்டது.

மூன்று வாரத்தில் பொலிசிடம் இருந்து கடிதம் வந்தது. யாரோ ஒருவர் வீடியோவை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறார். யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் ஆட்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பாட்டு என்ன பாட்டு என்று வேறு யாருக்குத் தெரியும்? தடைசெய்யப்பட்ட அமைப்பு ஒன்றுடன் எனக்கு என்ன தொடர்பு, நான் இனிமேலும் நம்பத்தக்கவளா என்று சந்தேகம் எழுந்திருப்பதாகவும், எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். நம்பத்தக்கவளா என்ற அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டுப் பச்சை அட்டையை எடுத்துக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கழகத் தலைவர் நல்ல மனிதர், ஓய்வுபெற்ற பேக்கரிக்காரர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "வீடியோ செய்தவர் அதைத் தானே செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் இது முடிந்துவிடும்" என்றார். நான் பார்த்த வழக்கறிஞரும் அதையே சொன்னார். ஒரு பக்கம். ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

அடுத்த நாளே கொலோனுக்குப் போனேன். அத்தான் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காதான் பேசினாள்.

"அவரின்ர பிரஜாவுரிமை விண்ணப்பம் உள்ளுக்குக் கிடக்கு. இவ்வளவு காலத்துக்குப் பிறகு, இரண்டு பாஸ்போட்டும் வைச்சிருக்கலாம் எண்டு சட்டம் மாறினாப் பிறகுதானே போட்டவர். இப்ப போய் நான்தான் அந்தப் பாட்டைப் போட்டனான் எண்டு எழுதிக் குடுத்தா என்ன நடக்கும்?"

"எழுதிக் குடுக்காட்டி எனக்கு என்ன நடக்கும் அக்கா?"

"உனக்கு என்ன? துவக்குத்தானே போகும். உதால சோறோ தின்னுறாய்?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், அக்கா. ஓம், சோறு தின்னவில்லை. ஆனால் நாற்பது வயதில் நானாகத் தேடிக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். நீ கலியாணம் கட்டினாய், வீடு வாங்கினாய், எல்லோரும் வந்து வாழ்த்தினார்கள். எனக்கு ஒரு பச்சை அட்டை இருந்தது. அதைத் தூக்கி எறி என்று ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டாய்.

புறப்படும்போது அத்தான் வாசல் வரை வந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நின்றேன். "அந்த அலுவலகத்தில நீர் என்ர பேரை மட்டும் சொல்லிப்போடாதையும்" என்றார்.

இரண்டு நாள் விளக்கக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். உண்மையை எழுதினால் அத்தானின் பெயர் வரும். பெயர் இல்லாமல் எழுதினால் பொய்க்காரி போலவே இருந்தது. கடைசியில் பொலிஸ் கடிதத்தில் கையெழுத்திட்டிருந்த அலுவலரை அழைத்து, அட்டையை நானாகவே திருப்பித் தந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். விசாரணைக் கோப்பை மூடிவிடுவோம் என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி. அவருக்கு இரண்டு கடுதாசி மிச்சம்.

துவக்கைக் கழகத் தலைவரே எடுத்துக்கொண்டார், எல்லாம் சட்டப்படி எழுதி. கைக்காப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, ஓரங்களை யார் மழுக்கியது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பச்சை அட்டையை பொலிஸ் அலுவலகத்தில் ஒரு பெண் வாங்கி, மூலையை வெட்டி, ஒரு தட்டில் போட்டாள். பெட்டகம் மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது. கழகத்தில் கேட்டவர்களுக்குத் தோள்பட்டை வலி என்று கதை விட்டேன்.

வசந்தத்தில் அத்தானுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீடு நிறைய ஆட்கள். ஜெர்மன் கொடி போலக் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் ஐசிங்கில் ஒரு கேக். அக்கா எனக்குப் பெரிய துண்டாக வெட்டித் தந்தாள். நான் என்ன செய்தேன் என்று அந்த வீட்டில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், இருவரும் எனக்கு எதிரில் நின்றார்கள். அத்தான் கோட் போட்டிருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, இந்த நாட்டுச் சட்டத்தை மதித்து நடந்தால் இந்த நாடு நம்மை மதிக்கும் என்று ஒரு சின்னப் பேச்சுப் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் அப்பவே இவவுக்குச் சொன்னனான், உந்தத் துவக்கு விளையாட்டெல்லாம் எங்களுக்குச் சரிவராது எண்டு. நல்லகாலம், கடைசியா விளங்கீட்டுது. என்ன, சரிதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கேக் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான், "ஓம் அத்தான்" என்றேன்.

அந்த ஓமை நான் இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இதில் யாருடைய பெயரையும் எழுதவில்லை, அவர் கேட்டபடியே. ஆனால் அத்தான் தமிழ் வாசிப்பார்.