புரட்டாசியில் ஒரு தாய்லாந்து இறால்

போன புதன்கிழமை மத்தியானம் ஒரு தப்பு செய்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது... வீட்டிலேயே மறைக்க முடியவில்லை.

புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் வழக்கமாகச் சனிக்கிழமை மட்டும்தான் சைவம். இந்த வருடம் மகள் மேல்படிப்புக்காகப் பிரான்ஸ் போக விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். உடனே என் மனைவி பெருமாளிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள் — மாதம் முழுக்க வீட்டில் யாரும் கவுச்சி தொடுவதில்லை என்று. அந்த 'யாரும்' என்பதில் நானும் உண்டாம். என்னை யார் கேட்டார்கள்?

பதினேழு நாள் தாக்குப்பிடித்தேன். பதினெட்டாம் நாள் காலையில் ஒரு வேலையாகத் தேங்காய்த்திட்டுப் பக்கம் போனேன். அங்கே மீன்பிடித் துறைமுகத்தில் இறால் ஏலம் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் எவனால் பீர்க்கங்காய்க் கூட்டு சாப்பிட முடியும்?

எங்கே சாப்பிடுவது என்பதுதான் பிரச்சினை. தெரிந்த மெஸ்ஸுக்குப் போனால், இலை போடுவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும். யோசித்தேன். பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியான ஒயிட் டவுனில் புதிதாக ஒரு தாய்லாந்து ரெஸ்டாரன்ட் திறந்திருக்கிறார்கள். அங்கே டூரிஸ்ட்டுகள்தான் வருவார்கள். என் மனைவிக்குத் தெரிந்த ஒரு ஜீவனும் அந்தப் படி ஏறாது. நமக்குத்தான் மூளைக்குக் குறைச்சலே இல்லையே!

'பொன்ழூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி வரவேற்றார் சர்வர். இறால் போட்ட கிரீன் கறியும் சோறும் சொன்னேன். வந்தது. பச்சைப்பசேலென்று இருந்தது. மேலே துளசி வேறு. அந்த ஊரில் கறிக்கும் துளசிதான் போடுவார்களாம். எனக்கென்னவோ பெருமாளே ஆள் அனுப்பிய மாதிரி இருந்தது. துளசியை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு முதல் வாய் சாப்பிட்டேன்.

உப்பு இல்லை. குறைவு என்று சொல்லவில்லை — இல்லவே இல்லை. காரமும் கிடையாது. சர்க்கரை மட்டும் தாராளம். பாயசத்தில் இறால் விழுந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. பதினேழு நாள் விரதத்தை முறித்தது இதற்கா? வந்த கோபத்தில், சமையல்காரரைக் கூப்பிடச் சொன்னேன்.

வந்தார். தாய்லாந்துக்காரர் இல்லை, நம்ம பாகூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் பளிச்சென்று நாமம்.

"என்னங்க, ருசியே பாக்க மாட்டீங்களா?"

"புரட்டாசி சார். மாசம் பூரா வெரதம். கவுச்சி வாயில வெக்க மாட்டேன். கண்ணளவுலதான் உப்பு போடுறேன். குடுங்க, சரி பண்ணி எடுத்தாரேன்" என்றவர், என்னை உற்றுப் பார்த்தார். "சார்... நீங்க அக்கா வீட்டுக்காரர்தானே? சனிக்கிழம கோயில்ல பொங்கல் குடுப்பாங்களே, அந்த அக்கா. நீங்க வெளிய வண்டியில உக்காந்திருப்பீங்க."

தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"வேணாங்க. நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கடைசி இறால் வரை தின்று முடித்தேன். 'அக்காகிட்ட சொல்லிடாதீங்க' என்று கேட்கலாம்தான். கேட்டால் திருட்டுத்தனம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? ஹோட்டலில் குறை சொல்லக்கூட யோக்கியதை வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை. கோயிலிலிருந்து வந்த மனைவி சாமிக்குப் படைத்துவிட்டு இலை போட்டாள். படைக்கிற சமையலை முன்னால் ருசி பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனாலும் சாம்பார், பொரியல், வடை எல்லாவற்றிலும் உப்பு கச்சிதம்.

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு."

"நானும் ருசி பாக்காமதான் சமைக்கிறேன். அந்தத் தம்பிக்குத்தான் இன்னும் கை பழகல. பாவம், அப்பிடி இருந்தும் நீங்க மிச்சம் வெக்காம சாப்ட்டீங்கன்னு அதுக்கு ஒரே சந்தோஷம்."

உள்ளே மகள், விசா மெயில் வந்ததா என்று நூறாவது முறையாக லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.

"விசா வரட்டும். வரலன்னா, காரணத்த நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க."

மறுநாளிலிருந்து காலையில் கோயில் நடை திறக்கும்போது வரிசையில் முதல் ஆள் நான்தான். அந்தச் சமையல்காரரே எனக்குப் பின்னால்தான் நிற்கிறார்!