எங்கே நிற்கிறது என்று கேட்டவர்

எஸ்தர் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, மலேசியாவுக்குப் போகும் பட்டுப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். முதலாளி கண் கலங்கிவிட்டார். "லாரி இன்னிக்கு வேணாம், நிறுத்துங்க" என்றார். நான்தான் குறுக்கே பேசினேன். "அக்கா இருந்தா இன்னா கேப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா, முதலாளி?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏற்றச் சொல்லிக் கைகாட்டினார். ஏற்றும் வேலை தொடர்ந்தது.

ஆரணியில் எங்கள் கம்பெனியோடு பழகிய உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். ஏற்றுமதிப் பிரிவு என்றால் அவர்தான். அவருக்குக் கீழே, வெளிநாட்டுக்குக் கடிதம் எழுத நான். கோபம் வந்தால் அவர் குரல் உயராது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். நாங்கள் மெல்ல நழுவிவிடுவோம்.

ஒருமுறை கோலாலம்பூர் கடைக்காரர் போனில் கத்தினார். தாய்லாந்துப் பட்டு சொன்ன நாளில் வந்துவிடுகிறதாம், நம்முடையது எப்போதும் தாமதமாம். தீபாவளிச் சரக்கும் பிந்தினால் ஆர்டர் முழுவதும் அங்கேதான் என்றார். ஆர்டர் போனால் எங்கள் தறிகளில் பாதி நின்றுவிடும். "நம்ம நாடே இப்பிடித்தான். அவன் ஜல்தியா அனுப்பறான்" என்று முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். அக்காவின் கண்ணாடி மேசைக்கு வந்தது.

"நாட்ட அப்பறம் திட்டலாங்க. நம்ம பெட்டி எங்க நிக்குது? அத மொதல்ல சொல்லுங்க."

யாருக்கும் தெரியவில்லை. அக்கா கடைக்காரரைத் துளைத்தெடுத்துத் தாய்லாந்து நடைமுறையைக் கேட்டுக்கொண்டார். பிறகு சென்னைக்குப் போய், விமான நிலையத்தில் நம் சரக்கை அனுப்பும் ஏஜென்டுடன் நின்று நம் பெட்டிகளைக் கவனித்தார். தாய்லாந்தில் பெட்டி கிளம்பும் முன்பே சுங்கக் காகிதங்கள் போய்விடுகின்றன. நாமோ இரண்டையும் ஒரே லாரியில் ஏற்றினோம். அதை உடனே மாற்றினார். அடுத்ததுதான் சங்கடம். மங்கலத்துக்காக ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மஞ்சள் கிழங்கு வைப்பது எங்கள் வழக்கம். காகிதத்தில் பட்டு மட்டும். சுங்கத்தில் பெட்டியைத் திறந்தால் கிழங்கு. அப்புறம் கேள்வி, விளக்கம், காத்திருப்பு.

மஞ்சள் வேண்டாமென்று சொல்ல ஒரு கிறிஸ்தவப் பெண்ணா என்று பேக்கிங் அறையில் முணுமுணுப்பு கிளம்பியது. எனக்கே பயம்தான். அக்கா நேராக உள்ளே போனார். "மஞ்சளே வேணான்னு நான் சொல்ல வரல. உள்ள இருந்தா அது பெட்டிய புடிச்சிகினு நிக்குது. லாரிக்கு முன்னாடி கட்டுங்க, அதுவும் ஓடட்டும்." பேக்கிங் பார்க்கும் பாக்கியம் சிரித்துவிட்டாள். முதல் மஞ்சளை அக்காவையே கட்டச் சொன்னாள். முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து அவளே மறுபடி கட்டினாள். அந்தத் தீபாவளிச் சரக்கு சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது.

தாய்லாந்தை நாம் முந்திவிட்டோம் என்று அக்கா ஒருநாளும் பீற்றிக்கொண்டதில்லை. "அவங்க இன்னும் நல்லா பண்றாங்க. கத்துக்கலாம், இன்னா இப்ப?" என்பார்.

அக்கா இறந்த அன்றும் லாரி மஞ்சளோடு புறப்பட்டு, அவர் வீட்டு வழியாகத்தான் போனது. பந்தலருகே டிரைவர் வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. அக்காவின் கணவர் எழுந்து நின்று, போ என்று கையசைத்தார்.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு கேள்விதான். மறுநாள் அடக்கம் முடிந்து ஆபீசுக்கு வந்ததும் ஏஜென்டுக்குப் போன் செய்தேன்.

"நம்ம பெட்டி எங்க நிக்குது?"

"எங்கயும் நிக்கலைங்க. ஃபிளைட் ஏறிடுச்சு" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.