பார்த்துட்டேன், பயப்படாதீங்க

என் மனைவி பல் டாக்டர். நாற்பத்தாறு வயதில் அவளுக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்தது. எங்கள் வீட்டில் ஆசைப்படுவது அவள், பயப்படுவது நான். இத்தனைக்கும் நான் லிஃப்ட் மெக்கானிக். இருபதாவது மாடியில் நின்றுகொண்டு நிம்மதியாகச் சாப்பிடுவேன். ஆனால் என் உயரத்துக்குக் கம்பி உண்டு. அவள் ஆசைப்பட்ட உயரத்துக்கு வெறும் காற்றுதான்.

"கார் ஓட்டுறப்போ பக்கத்துல வர்ற லாரியே உன் கண்ணுக்குத் தெரியாது. மேல போய் என்னத்தப் பார்க்கப்போறே?" என்றேன்.

"வானத்துல லாரி வராதுங்க" என்றாள்.

லாரி வராதுதான். ஆனால் அவள் சேர்ந்த பயிற்சிப் பள்ளி, பெரிய விமான நிலையத்துக்கு அடுத்த வீடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஜெட் விமானங்கள் வந்துகொண்டே இருக்கும். சின்ன விமானங்கள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே ஏறக்கூடாது, ரயில் பாதையைத் தாண்டக்கூடாது. மிச்சமிருக்கும் துளியூண்டு இடத்தில் நாலைந்து பேர் வட்டமடிப்பார்கள். யார் முன்னால், யார் பின்னால், யார் இறங்கப் போகிறார் என்று ஒவ்வொருவரும் மண்டைக்குள் ஒரு படம் வைத்திருக்க வேண்டும். ஜன்னல் வழியே பார்த்தும், ரேடியோவில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டும் அந்தப் படத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவளோ இருபது வருடமாக ஒவ்வொரு பல்லாக உற்றுப் பார்த்தே பழகியவள். விமானத்தில் ஏறினாலும் உயரம் காட்டும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். அதில் சொத்தை தேடினாளோ என்னவோ.

பயிற்சியாளனுக்கு இருபத்தெட்டு வயது. அவனை வாய்க்கு வாய் "சார்" என்பாள். கட்டிய புருஷனுக்கு ஒருநாளும் அந்த மரியாதை கிடைத்ததில்லை. வயிற்றெரிச்சலில் அவனுக்குக் குட்டி சார் என்று பெயர் வைத்தேன். கண் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது, வீட்டிலும் பழகுங்கள் என்று அவன் சொல்ல, எங்கள் சமையலறை விமான தளமாகிவிட்டது. ரேடியோவில் விமானங்களுக்கு வழி சொல்லும் டவர் எங்கள் மகள்தான். அவள் கல்லூரி விட்டு வந்ததும் தொடங்கிவிடுவாள்.

"அம்மா, திரும்பாம சொல்லு. அப்பா எங்கே?"

"ஃப்ரிட்ஜ் பக்கம். பிஸ்கட் டப்பாவைத் தொறக்கிறார்."

எனக்கு வீட்டில் திருட்டுத் தீனி தின்னும் சுதந்திரமும் போயிற்று.

இப்படித் தேறிக்கொண்டு வந்தவள், ஒருநாள் மாலை திரும்பி வந்து காரைவிட்டு இறங்கவே இல்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன். அழுதிருந்தாள். முன்னால் ஒரு மஞ்சள் விமானம் இறங்க வருகிறது, தெரிகிறதா என்று டவர் கேட்டதாம். இவள் "பார்த்துட்டேன்" என்று சொல்லிவிட்டு விமானத்தை இறங்கு பாதைக்குத் திருப்பியிருக்கிறாள். உண்மையில் பார்க்கவில்லை. குட்டி சார் சட்டென்று விமானத்தைத் தன் கைக்கு வாங்கி விலக்கியபோது, அந்த ஓட்டுநரின் தொப்பி தெரியும் அளவுக்கு மஞ்சள் விமானம் பக்கத்தில் இருந்ததாம்.

"பார்க்காததை ஏன் பார்த்தேன்னு சொன்னே?"

"வாயில வந்துடுச்சுங்க."

வராமல் என்ன செய்யும்? கிளினிக்கில் நாற்காலியில் உட்கார்ந்து நடுங்குகிற ஒவ்வொருவரிடமும், வாயைத் திறப்பதற்கு முன்பே, "பார்த்துட்டேன், பயப்படாதீங்க" என்று சொல்லித்தான் அவள் கூட்டம் சேர்த்தாள். அங்கே அது மருந்து.

குட்டி சார் கறாராகச் சொல்லிவிட்டான். "தெரியலைன்னு சொன்னா டவர் உங்களுக்கு வழி சொல்லும், டாக்டர். பார்த்துட்டேன்னு சொன்னா உங்களை நம்பி அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிடும். சனிக்கிழமை ஒரு சோதனை வைக்கிறேன். அதுலயும் இப்படின்னா உங்களைத் தனியா அனுப்பவே மாட்டேன்."

தனியாகப் பறப்பதுதான் அவள் கனவே. நான் வாய் ஓயாமல் கிண்டல் செய்த கனவுதான். அது கைநழுவிப் போக விடக்கூடாது என்று நானே களத்தில் இறங்கினேன்.

சமையலறையில் சட்டம் மாறியது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, மேஜைக்கு அடியில் மூச்சுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அப்பா எங்கே?"

"கதவு பக்கம்."

"அடிச்சு விடாதேம்மா! தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

அந்த ஒரு சொல்லைப் பிடுங்குவதற்குள் நாங்கள் பட்ட பாடு! ஊரார் பல்லையெல்லாம் பிடுங்குகிறவளுக்கு அது மட்டும் வெளியே வரவில்லை.

சனிக்கிழமை என்னை வரக்கூடாது என்றாள். நான் நின்றால் கவனம் சிதறுமாம். "எனக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலை இருக்கு" என்று சொல்லி, பொய்க்குப் பொருத்தமாக ஆரஞ்சு நிற வேலைச் சட்டையையும் போட்டுக்கொண்டு, நேரே பயிற்சிப் பள்ளிக்குத்தான் போனேன். வேலியோரம் நின்ற டேங்கர் லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். காத்திருப்பு அறையில் டவரின் ரேடியோப் பேச்சைப் போடும் ஒலிபெருக்கி அங்கே நன்றாகக் கேட்கும்.

முன்னால் ஒரு வெள்ளை விமானம், தெரிகிறதா என்று டவர் கேட்டது.

பார்த்துட்டேன்னு சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"தேடுறேன். தெரியலை" என்றாள்.

அறைக்குள் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அந்த ஆளை அப்படியே அறையலாம் போலிருந்தது. டவர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. நேராகவே போங்கள், எப்போது திரும்பலாம் என்று நான் சொல்கிறேன் என்றது. கொஞ்ச நேரத்தில் அவள் குரல் மறுபடி வந்தது. "இப்போ தெரியுது. எனக்கு இடதுபக்கம், இறங்கிட்டிருக்கு."

அவளும் இறங்கினாள். விமானம் ஓரமாக வந்து நின்றது. குட்டி சார் கீழே குதித்தான். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அடப்பாவி, இவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறானே என்று பதறினேன். அதற்குள் என் மனைவி வானில் எழும்பிவிட்டாள். அவள் பறக்கும்போது அண்ணாந்து பார்ப்பதில்லை என்று முதல் நாளே நான் எடுத்த சபதமெல்லாம் காற்றில் போயிற்று. கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன். ஒரு வட்டம் அடித்து, இரண்டு குதி குதித்துத் தரை தொட்டாள். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு கைகுலுக்கினார்கள். நான் இன்னும் ஒளிந்தேதான் நின்றேன். போன் அடித்தது.

"என்னங்க, ஆஸ்பத்திரி லிஃப்ட் சரியாயிடுச்சா?"

"இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு."

"ஆரஞ்சு சட்டையைப் போட்டுக்கிட்டா ஒளியறது? மேல இருந்தே லாரியையும் பார்த்துட்டேன், உங்களையும் பார்த்துட்டேன். வெளியே வாங்க, பயப்படாதீங்க."