பஞ்சர் கடைச் சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அந்த ஒரு குணத்தால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆம்பூர் தோல் ஷாப்பில் முப்பது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறவைத்தவர். கைவிரல் நகமெல்லாம் வெந்துபோயிருக்கும். அந்தக் கையோடு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய், முன்வரிசையில் உட்கார்ந்து, தொண்டை கிழியப் பாடுவார்.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் ரெண்டு பேர். பள்ளிக்கூட ரெக்கார்டில் ஒன்று, சர்ச்சில் ஒன்று. வேதத்துக்குப் போய்க் கிறிஸ்தவனாகிவிட்டால் நீ எஸ்.சி. இல்லை என்கிறது சர்க்கார். ஊர்க்காரர்களுக்கோ நாங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் காலனிக்காரர்கள்தான். பொணம் போற வழிகூடத் தனி. சாமி மாறினால் இதெல்லாம் மாறிவிட்டதா, சொல்லுங்கள்! ரெக்கார்டுப் பேரில் வாங்கிய சர்ட்டிபிகேட்டை வைத்துத்தான் நான் நர்சிங் படித்தேன். திருப்பத்தூர்ப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது.

வேலையில் சேர்ந்த வருஷமே வார்டு எலெக்ஷன் வந்தது. ஓட்டுக் கேட்டு வந்த ஒருவரிடம், "உனக்குப் போட மாட்டேன்பா" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டார் அப்பா. எல்லோரும் தலையாட்டி அனுப்புவதில்லையா? இவருக்கு அதுவும் வராது. அடுத்த மாசமே மொட்டைக் கடுதாசி போய்விட்டது: இந்த வீட்டார் கிறிஸ்தவர்கள், இந்தப் பெண் பொய்ச் சான்றிதழில் வேலை வாங்கியிருக்கிறாள் என்று. விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வேலை போனால் தெருப் பெண்களோடு நானும் ஷூ கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான்.

அன்றைக்குக் காலையில் சுவரிலிருந்த இயேசு படத்தைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினேன். அதே ஆணியில் முருகன் காலண்டரை மாட்டினேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவர் கேட்டா, சர்ச்சுக்குப் போறதில்லன்னு சொல்லிடு. ஒரே ஒரு வார்த்தை. உனக்குக் கோடிப் புண்ணியம்" என்றேன்.

"ம்" என்றார்.

அதிகாரி வாசற்படி ஏறினாரோ இல்லையோ, அப்பா ரெண்டு கையையும் கூப்பி, "ஸ்தோத்திரம் சார்!" என்றார்.

போச்சு! ஆயுசு முழுக்க சர்ச்சு வாசலில் பெரிய மனுஷர்களைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். அவசரத்துக்கு வணக்கம் வரவில்லை. எனக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது.

அதிகாரி உட்கார்ந்தார். காலண்டரைப் பார்த்தார். அப்பாவின் விரல்களைப் பார்த்தார். "சர்ச்சுக்குப் போறதுண்டா பெரியவரே?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

"இனிமே போ மாட்டேன் சார்."

பேனா அப்படியே நின்றது. பிறகு அதிகாரி 'போவதில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தார். வேலை பிழைத்தது. அவர் தலை மறைந்ததும் அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்தேன். "ஒரு வணக்கம் சொல்ல முடியல உன்னால?"

அதற்கப்புறம் அப்பா சர்ச்சுக்குப் போகவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆச்சு, பொண்ணு பிறந்தாள், ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி. அப்பாவோ ஞாயிறு விடிந்தால் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பஞ்சர் கடை பாயிடம் போய்விடுவார். "அந்த தோஸ்த் மூஞ்சியப் பாக்காம சோறு எறங்காதா உனக்கு?" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே போவார்.

போன மாசம், டியூட்டி இல்லாத ஒரு ஞாயிறு, என் ஸ்கூட்டி பஞ்சர். வியர்க்க விறுவிறுக்க பாய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பாய் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் வந்த ஒருத்தர் காற்றடிக்கச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"அரை மணி ஆவும். அவசரம்னா வேற கடைக்குப் போ" என்றார் பாய், மெல்லிய குரலில்.

"கரண்ட் இருக்கு, மிஷின் இருக்கு. காத்தடிக்க இன்னா பாய் கேடு?" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

பாய் உதட்டில் விரலை வைத்து உள்ளே கைகாட்டினார்.

டயர்க் குவியலுக்குப் பின்னால், கவிழ்த்த டிரம்மில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் அப்பா. சுவருக்கு அந்தப் பக்கம் சர்ச்சு. பாட்டு வந்துகொண்டிருந்தது. அப்பாவின் உதடு ஒரு வார்த்தை விடாமல் அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. அங்கே எல்லோரும் எழுந்து நின்றார்கள் போல. பெஞ்சு நகரும் ஓசை கேட்டது. அப்பாவும் எழுந்து நின்றார். அவர்கள் உட்கார்ந்ததும் உட்கார்ந்தார். அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் ராப்போஜனம் தொடங்கியபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

எத்தனையோ ஆராதனையில் குறட்டை விட்டுத் தூங்கியவள் நான். இப்படி ஒரு ஆராதனையை என் கண்ணால் பார்த்ததில்லை.

"மிஷின் ஓடினா அவனுக்குப் பாட்டு கேக்காதும்மா. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு நான் போவச்சொல்ல அவன் கடையப் பாத்துக்கறான். இதுல இன்னா இருக்கு?" என்றார் பாய்.

அந்தப் பக்கம் ஆராதனை முடிந்ததும்தான் கம்ப்ரஸரைப் போட்டார். அப்பா என்னைப் பார்த்துத் திருதிருவென விழித்தார்.

"போ மாட்டேன்னு சொன்னேன், போவல. கேக்க மாட்டேன்னு சொல்லலியே?"

"அஞ்சு வருஷமாவா? இப்ப யாருப்பா உன்னப் பாக்கறாங்க? எழுந்து வா, அடுத்த வாரம் நானே உள்ள கூட்டினு போறேன்" என்றேன்.

"அந்த சார் நம்பி எழுதினாரு. அத நான் பொய்யாக்கக் கூடாது. நாளைக்கு உன் பொண்ணுக்கும் அந்தப் பேப்பர்தான் வேணும்" என்று செருப்பை மாட்டினார்.

"எவ்ளோ நாளைக்கு இப்படி?"

"அது வேலைக்குப் போற வரைக்கும்."

என் பொண்ணுக்கு இப்போது மூன்று வயது. அப்பாவுக்கு அறுபத்து நாலு.