டைப் ஆகாத தீர்ப்பு

கோர்ட்டில் பல வருஷம் ஸ்டெனோவாக இருந்தவள் நான். எந்தக் கோர்ட் என்று சொல்லப் போவதில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டேன். தீர்ப்பு என்றால் என்ன என்று வக்கீல்களைக் கேட்டால் அரை நாள் பேசுவார்கள். என்னைக் கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். ஜட்ஜ் சொல்லச் சொல்ல ஸ்டெனோ ஷார்ட்ஹேண்டில் எழுத வேண்டும், டைப் அடிக்க வேண்டும், ஜட்ஜ் கையெழுத்துப் போட வேண்டும், கோர்ட்டில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். டைப் அடித்துக் கையெழுத்தும் ஆகிவிட்டால், அந்த ஜட்ஜ் மாற்றலாகிப் போனால்கூட அடுத்து வருபவர் அதை அப்படியே படித்தாக வேண்டும். கையெழுத்து ஆகவில்லை என்றால் அது தீர்ப்பே இல்லை. என் நோட்டில் இருக்கும் வெறும் பென்சில் கிறுக்கல்.

இது எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

எழுபதுகளின் தொடக்கம். நாங்கள் மயிலாப்பூரில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு தெரு தள்ளி, மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் இரண்டு அறையும் ஒரு கிணறும் உள்ள ஓட்டு வீட்டில் ஓர் அம்மாள் தனியாக இருந்தார். கான்வென்ட் பெண்களுக்கு யூனிபார்ம் தைத்துக் கொடுப்பார். ஊரே டைலரம்மா என்றுதான் கூப்பிடும். நான் அக்கா என்பேன். புருஷன் பக்கவாதத்தில் ஆறு மாதம் கிடந்து செத்துப்போனார். பிள்ளைகள் இல்லை. காரியமெல்லாம் முடிந்ததும் புருஷனுடைய அண்ணன் பதிவான ஒரு பத்திரத்தோடு வந்தான். வீட்டில் தனக்குள்ள பங்கை எல்லாம் தம்பி விட்டுக்கொடுத்து எழுதிவிட்டானாம், கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறானாம். அதனால் வீட்டைக் காலி பண்ணு என்று கேஸ் போட்டான்.

“ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்த மனுசன், கண்ணு. சோத்துக் கை அப்படியே செத்துப் பூட்ச்சு. நாந்தான் ஊட்டி விடுவேன். அந்தக் கையி எங்க போய் கையெழுத்துப் போடும்?” என்று டைலரம்மா பஸ்ஸில் யாரைப் பார்த்தாலும் கேட்பார். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் பாவம் என்பார்கள். பத்திரத்தில் இருந்த தேதியன்று அவர் புருஷன் ஆஸ்பத்திரியில் இருந்தார், வலது கை விளங்காமல் இருந்தது என்று ஆஸ்பத்திரி ஏட்டிலேயே எழுதியிருந்தது. அதன் நகல் கோர்ட்டில் இருந்தது. இவ்வளவு தெளிவான கேஸ் ஏழு வருஷம் நடந்தது!

ஏழு வருஷம் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. எதிர்க்கட்சி வக்கீலுக்கு ஜுரம் என்பார்கள். சாட்சி ஊரில் இல்லை என்பார்கள். ஜட்ஜ் லீவு, சில சமயம் ஜட்ஜே கிடையாது. இதற்குள், சாட்சி சொல்ல வேண்டிய அந்த ஆஸ்பத்திரி டாக்டர் காலமாகிவிட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் டைலரம்மா மிஷினை மூடி வைத்துவிட்டு, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு கிளம்பி விடுவார். “நீங்க வரணும்னு அவசியமே இல்லக்கா, வக்கீல் பார்த்துப்பார்” என்று நூறு தரம் சொல்லியிருப்பேன். “நான் வரலைன்னா அந்த கேஸு கட்டு எங்க கீதுன்னே மறந்துடுவாங்கம்மா” என்பார். அது ஒரு வகையில் உண்மைதான். பஸ்ஸில் எனக்கும் இடம் பிடித்து வைப்பார். நான் காலையில் சிடுசிடுவென்று இருப்பவள். ஆனாலும் “இங்க வந்து குந்து கண்ணு” என்று கூப்பிடும்போது போய் உட்கார்ந்துவிடுவேன்.

கடைசியில் ஒரு ஜனவரி மாதம் வாதம் முடிந்தது. எங்கள் ஜட்ஜ் ஐயா தீர்ப்பை ஒத்திவைத்தார். நல்ல மனிதர், கை சுத்தம். ஆனால் எதையும் ஆற அமர ஊறப்போடுகிற சுபாவம். பிப்ரவரி போனது, மார்ச் போனது. ஏப்ரலில் அவருக்கு மாற்றல் வரப்போகிறது என்று ஆபீசில் பேச்சு அடிபட்டதும்தான் ஐயாவுக்கு வேகம் வந்தது. சனிக்கிழமை தோறும் அடையாறில் இருந்த தம் வீட்டுக்கு வரச் சொல்லி, தேங்கிக் கிடந்த தீர்ப்புகளை டிக்டேட் செய்ய ஆரம்பித்தார். அவர் குளித்து, சாப்பிட்டு, பேப்பர் படித்து முடிக்கும்வரை நான் வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். தொடர்ந்து நாலு சனிக்கிழமை! எனக்கு அடுத்த ஆனி மாதம் கல்யாணம். வீட்டில் ஆயிரம் வேலை. உள்ளே கொதித்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது சனிக்கிழமை டைலரம்மா கேஸ் வந்தது. ஐயா அறைக்குள் நடந்துகொண்டே இங்கிலீஷில் சொல்ல, நான் எழுதிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி ஏட்டைப் பற்றிச் சொன்னார். பக்கவாதம் வந்த கை இந்தக் கையெழுத்தைப் போட்டிருக்க முடியாது, இந்தப் பத்திரத்தை நம்புவதற்கில்லை, வீட்டை விட்டு இந்தப் பெண்மணியை யாரும் வெளியேற்ற முடியாது என்றார். என் பென்சில் ஒரு நொடி நின்றுவிட்டது.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல ஐயா.”

முடிந்ததும், “இதைத் திங்கட்கிழமை காலையில அடிச்சுக் கொடுத்துடு. செவ்வாய்க்கிழமை படிச்சுடறேன்” என்றார்.

“திங்கட்கிழமை எனக்கு லீவு, ஐயா. கல்யாணப் புடவை எடுக்கணும். போன வாரமே லெட்டர்ல கையெழுத்துப் போட்டீங்க.”

“ஓ, அப்படியா? அப்போ நாளைக்கு எங்கேயாவது அடிச்சு, யார்கிட்டயாவது கொடுத்து அனுப்பேன்.”

“பார்க்கறேன் ஐயா” என்றேன். ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ‘பார்க்கறேன்’ என்றால் ‘மாட்டேன்’ என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் அடித்தால் மதியம் படித்துவிடலாம், என்ன குடி முழுகிப் போகிறது என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை வீடு திரும்பும்போது நூல் கடை வாசலில் டைலரம்மா நின்றிருந்தார். “இன்னா கண்ணு, எதுனா சேதி உண்டா?” என்று கேட்டார். எப்போதும் கேட்கிற கேள்விதான்.

“செவ்வாய்க்கிழமை வாங்கக்கா.”

“நல்ல சேதியா?”

“அதெல்லாம் நான் சொல்லக் கூடாதுக்கா, வேலை போயிடும்” என்றேன். ஆனால் என் மூஞ்சி எதையும் மறைக்கிற மூஞ்சி இல்லை. சிரித்துவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். “மாதாவே” என்று மட்டும் சொல்லி, நூல்கண்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் தெரு முனையிலேயே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. அன்றைக்கும் மதியம்வரை திறந்துதான் இருந்தது. மிஷின்கள் தடதடக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. நான் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். சோம்பேறித்தனம் என்றால்கூடப் பரவாயில்லை, வீம்பு. நாலு சனிக்கிழமை என்னைக் காக்க வைத்தாரே, ஒரு நாள் அவர் காத்திருக்கட்டும் என்ற வீம்பு. காத்திருந்தது அவர் இல்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை.

திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டாரோடு தி.நகர் போனோம். நோட்டு என் கைப்பையில்தான் இருந்தது. நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் அரக்கு நிறத்தில் மாம்பழ மஞ்சள் பார்டர் போட்ட பட்டுப்புடவை எடுத்தோம். மாமியாருக்கும் பிடித்தது, எனக்கும் பிடித்தது; அதுவே அதிசயம். சாயங்காலம் ஆறு மணிக்குச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

“எங்கேம்மா போயிட்டே? உங்க கோர்ட் டவாலி வந்து நாலு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். ஜட்ஜுக்கு மாற்றல் ஆர்டர் வந்துடுச்சாம். இன்னிக்கே பொறுப்பை ஒப்படைக்கணுமாம். ஏதோ நோட்டு வேணுமாம்” என்றார்.

புடவையைப் போட்டது போட்டபடி இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடினேன். பன்னிரண்டு பக்கம். இன்ஸ்டிட்யூட்டை மூடும்வரை உட்கார்ந்து அடித்தேன். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அடையாறு போய் நின்றேன். வீடு முழுக்கச் சாமான் மூட்டை. ஜட்ஜ் ஐயா வேட்டியோடு வராந்தாவுக்கு வந்தார். காகிதங்களை நீட்டினேன். வாங்கி, முதல் பக்கத்தைப் படித்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“நேத்து அஞ்சு மணிக்குப் பொறுப்பைக் கொடுத்துட்டேன்மா. இப்போ இதுல கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இல்லை.”

“நேத்து தேதி போட்டுடுங்க ஐயா. யாருக்குத் தெரியும்?” என்றேன். என் வாயிலிருந்தா வந்தது என்று இருந்தது.

அவர் கோபப்படவில்லை. “ஆஸ்பத்திரியில கிடந்தவர் கையெழுத்துன்னு ஒரு பொய்ப் பத்திரத்தைத் தள்ளிட்டு, அந்தத் தீர்ப்புலயே நான் பொய்த் தேதி போடறதா?” என்று கேட்டார். பிறகு, “நான் மூணு மாசம் வச்சிருந்தேன். நீ ஒரு நாள் வச்சிருந்தே. போ, ரொம்ப மனசைப் போட்டு அலட்டிக்காதே” என்றார். பெரிய மனசுதான். ஆனால் எனக்கு அது ஆறுதலாக இல்லை, இன்றுவரை இல்லை. அந்தப் பன்னிரண்டு பக்கமும் ஷார்ட்ஹேண்ட் நோட்டும் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன.

அங்கிருந்து நேரே கோர்ட்டுக்குப் போனேன். டைலரம்மா எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புதுப் புடவை. கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாராம். டவாலிக்குக் கொடுக்க ஒரு லட்டுப் பொட்டலம் வேறு மடியில். பொறுப்பு ஜட்ஜ் வந்தார், கேஸைக் கூப்பிட்டார்கள். தீர்ப்பு எழுதப்படவில்லை, கோடை விடுமுறை முடிந்து புது ஜட்ஜ் முன்னால் வாதம் மறுபடியும் என்று சொல்லி அரை நிமிஷத்தில் கட்டை மூடிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் டைலரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அன்னிக்கு நீ சிரிச்சியே, கண்ணு?”

“ஜட்ஜ் மாறிட்டார்க்கா” என்றேன். பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி வுடு. நீ இன்னா பண்ணுவே பாவம்” என்றார். பிறகு, “புடவ எடுத்தாச்சா? ஜாக்கெட்டுத் துணிய என்னாண்ட குடு. கூலியெல்லாம் வாணாம், என் கையால தச்சுத் தரேன்” என்றார். வெட்கங்கெட்டவள், கொண்டுபோய்க் கொடுத்தேன். அளவு கச்சிதமாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தேன். எல்லோரும் அழகு என்றார்கள், எனக்கு மூச்சு முட்டியது.

கல்யாணமாகி நான் தேனாம்பேட்டைக்குப் போய்விட்டேன். ஜூனில் வந்த புது ஜட்ஜ் கேஸ் முடிப்பதில் புலி என்று பெயர் எடுத்தவர். அவரும் அயோக்கியர் இல்லை. டைலரம்மா கேஸில் ஒரு மணி நேரம் வாதம் கேட்டார். மறுநாள் மதியம் சேம்பரில் என்னைக் கூப்பிட்டு டிக்டேட் செய்தார். அதே பத்திரம், அதே ஆஸ்பத்திரி ஏடு. ஆனால் டாக்டர் வந்து சாட்சி சொல்லவில்லை, வெறும் நகலை வைத்துக்கொண்டு பதிவான பத்திரத்தைத் தள்ள முடியாது, மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். செத்துப்போன டாக்டர் எங்கிருந்து வருவார்? வாயைத் திறந்து சொல்ல நினைத்தேன், பழைய நோட்டு ஒன்று இருக்கிறது, ஐயா, என்று. சொல்லியிருந்தாலும் அது கோர்ட்டில் செல்லாது. வேலை போகும் என்று பயந்தேன். அதுதான் உண்மை. தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன்.

அன்று நான் லீவு கேட்கவில்லை, வீட்டுக்கும் கிளம்பவில்லை. உட்கார்ந்து ஒரே மூச்சில் அடித்து, ஐந்து மணிக்கு மேஜையில் வைத்தேன். ஒரு பிழைகூட இல்லை. ஜட்ஜ் பாராட்டினார். மறுநாள் காலையில் கோர்ட்டில் படித்துவிட்டார்.

டைலரம்மா கோர்ட் தாழ்வாரத்தில் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. நான் பக்கத்தில் போய், “அப்பீல் பண்ணலாம்க்கா” என்றேன்.

“இன்னும் ஏழு வருசம் ஓடுறதுக்கா? போதும் கண்ணு. கொட்டிவாக்கத்துல தங்கச்சி குடிச கீது. மிஷினத் தூக்கிக்கினு அங்க பூடறேன்” என்றார். புறப்பட்டவர் நின்று, என் கன்னத்தைத் தடவினார். “டவாலி சொன்னாரு. மத்தவங்கல்லாம் மாசக்கணக்கா வச்சிக்கினு கீறாங்களாம். நம்ம மனுசின்னு நீதான் ஒரே நாள்ல டைப் அடிச்சுக் குடுத்தியாமே. நீ நல்லா இருக்கணும்மா.”

“பரவாயில்லக்கா” என்றேன்.